5,000 கிலோமீட்டர் கட்டளை

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் நிற்கும் எந்த வண்டியின் கதவையும் திறந்து பாருங்கள். கண்ணாடி மூலையிலோ கதவுச் சட்டத்திலோ பட்டறைக்காரர் ஒட்டிய ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆயில் மாற்றிய அன்று மீட்டர் காட்டிய எண் ஒரு வரியில். அதோடு 5,000 கூட்டிய எண் அடுத்த வரியில். தோட்டத் தொழிலாளியின் பழைய கஞ்சில் காருக்கும் 5,000. காய்கறி ஏற்றும் லேண்ட்ரோவருக்கும் 5,000. வாரா வாரம் ஈப்போவுக்கு இறங்கி ஏறும் புது ஹைலக்ஸுக்கும் அதே 5,000. பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே அளவில் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரிடம் சண்டைக்குப் போவோம். பட்டறைப் போர்மேன் செய்தால் மட்டும் தலையாட்டிவிட்டுக் காசை எடுத்து நீட்டுகிறோம்.

“ஐயாயிரத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்கண்ணே, இஞ்சின் நின்னு பேசும்.” மலையில் இதை மறுத்துப் பேசியவரை நான் பார்த்ததில்லை. அதனால் நானே மறுக்கிறேன். இந்த 5,000 பாதிப் பேருக்கு வீண் செலவு. மீதிப் பேரில் பலருக்கு, குறிப்பாக நாள் முழுக்க மலைச்சரிவில் வண்டியை வதைப்பவர்களுக்கு, அது ஆபத்தான தாமதம். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, ஒருவர் பையையும் மற்றவர் இஞ்சினையும் காலி செய்கிற எண் அது.

முதலில் வீண் செலவைப் பார்ப்போம். அமெரிக்காவில் பல தலைமுறைகள் 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றின. 3,000 மைல் என்பது 4,828 கிலோமீட்டர். நம்முடைய 5,000க்கு அது எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கார்புரேட்டர் பெட்ரோலைத் தாறுமாறாகக் கொட்டிய காலத்தில், மினரல் ஆயில் சீக்கிரம் கெட்டுப்போன காலத்தில், அந்த எண் நியாயமானதுதான். இன்று இஞ்சின் மாறிவிட்டது, பெட்ரோல் மாறிவிட்டது, ஆயில் அடியோடு மாறிவிட்டது. கலிஃபோர்னியாவில் கழிவுகளைக் கவனிக்கும் அரசுத் துறையே, “மூவாயிரம் மைல் கணக்கை விட்டுவிட்டு உங்கள் கார் கையேட்டைத் திறந்து பாருங்கள்” என்று பிரச்சாரம் செய்தது. ஆயில் விற்பவர்களைக் கேட்டு அது இதைச் செய்யவில்லை. தேவையில்லாமல் வடிக்கப்படும் ஆயில் எங்கே போய்ச் சேருகிறது என்ற கவலையில் செய்தது.

நம் ஊர்க் கையேடுகளும் வேறு கதைதான் சொல்கின்றன. இன்றைய மைவி, அக்சியா போன்ற கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது. இந்தியாவில் மாருதி கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். சென்னையின் சித்திரை வெயிலில், அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்து போகும் சின்னக் காருக்கே அந்தக் கணக்குப் போதும் என்கிறது அதைச் செய்த நிறுவனம். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன், அதற்கென்றே தயாரித்த ஆயிலை ஊற்றி 30,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்றது. அந்த முப்பதாயிரத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. அது நெடுஞ்சாலையில் சீராக ஓடுபவர்களுக்கான எண். ஆனால் ஈப்போ, கோலாலம்பூர் என்று நீண்ட ஓட்டம் ஓடும் ஒரு நல்ல காரில், 5,000இல் ஃபுல்லி சிந்தெடிக் ஆயிலை வடித்துக் கொட்டுவது பாதி தின்ற சோற்றைக் குப்பையில் போடுகிற வேலை.

“சீக்கிரம் மாத்துனா என்ன கெட்டுடும்? ஆயில் சல்லிசு, இஞ்சின் விலை அதிகம்” என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சல்லிசு யாருக்கு? 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஆயில், பில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு சர்வீசுக்கு நூற்றைம்பது வெள்ளியை ஒட்டிப் போனால், அது இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் இரண்டு தடவைக்குப் பதில் நான்கு தடவை அதைக் கொடுக்கிறார். பணம் மட்டுமென்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆயில் மாற்றியதும் வண்டிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 3 பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4இல் 230லிருந்து 155. தாப்பா சாலையின் வளைவுகளில் குடும்பத்தோடு இறங்குகிறீர்கள். முன்னால் சுற்றுலாப் பேருந்து, கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. டிஸ்க் கொதிக்கிறது, சூடு உள்ளே இறங்குகிறது, ஈரம் குடித்த பழைய திரவம் கொதித்து ஆவிக்குமிழி விடுகிறது. ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் அடிவரை போகும். பெரும்பாலான கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிற திரவம் இது. மலைவாசிகளான நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? ஸ்டிக்கரில் அதற்கு இடமே இல்லை. ஆயிலுக்கு 5,000 தவறாத பக்தர், ஐந்து வருடப் பழைய பிரேக் ஆயிலோடு ரிங்லெட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருப்பார். இஞ்சின் ஆயில் கெட்டால் வண்டிதான் நிற்கும். மற்றது கெட்டால் நிற்காது.

இனி அடுத்த தரப்பு. இங்கேதான் எனக்கு உண்மையான கோபம்.

ஆயிலுக்குக் கிலோமீட்டர் தெரியாது. அதைக் கெடுப்பவை வேறு: எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து இறங்கும் எரிபொருள், டீசல் புகைக்கரி, எரிதலில் பிறக்கும் நீராவியும் அமிலமும், சூடு, தூசி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பலருக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டிக்குள் நுழையும். இஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கும்.

கோலா தெர்லாவின் காலை நேரம் உங்களுக்குத் தெரியும். கேமரன் மலையில் 1978இல் 7.8 டிகிரிவரை இறங்கியதாகப் பதிவு உண்டு. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், விடியற்காலையில் கை விறைக்கும் குளிர் நமக்குப் புதிதல்ல. லயத்து வீட்டிலிருந்து கார் கிளம்புகிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடையில் ரொட்டி வாங்கி, திரும்பி வந்து நிற்கிறது. மூன்று கிலோமீட்டர் இருக்கும். மீட்டரில் வெப்பமுள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பார்கள். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடேற அதைவிட வெகுநேரம் ஆகும். இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கினால் இன்னும் மோசம், இஞ்சின் வேலையே செய்வதில்லை. இப்படி ஆறு மாதம் ஓடிய காரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, விரலில் தொட்டால் வழுக்கிக்கொண்டு வரும் பசை ஒட்டியிருக்கும். தண்ணீரும் ஆயிலும் கடைந்து கலந்த பசை அது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று பயந்து செலவு செய்பவர்களும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் இருந்தால், பெரும்பாலும் குட்டி ஓட்டங்கள்தான் காரணம். அந்தக் கார் ஆறு மாதத்தில் 1,500 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். “இன்னும் 3,500 பாக்கி இருக்கே” என்கிறது ஸ்டிக்கர்.

லேண்ட்ரோவர் கதை இதைவிடக் கொடுமை. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் எத்தனையோ வருடங்களாகத் தாங்கிவருபவை அந்தப் பழைய வண்டிகள்தான். பிரிட்டனில் 1948இல் பிறந்து, டிஃபெண்டராக வளர்ந்து, 2016இல் உற்பத்தி நின்ற பிறகும் இங்கே அவற்றுக்கு ஓய்வு கிடையாது. கோசும் தக்காளியும் நிறைந்த கூடைகளை ஏற்றிக்கொண்டு, லோ கியரில், மழைச் சேற்றில், மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் சரிவில் ஏறுகிறது ஒரு வண்டி. இறக்கி வைக்கும்வரை இஞ்சினை அணைப்பதில்லை. பேட்டரி சரியில்லை, அணைத்தால் தள்ள வேண்டும். சராசரி எட்டுக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 5,000 கிலோமீட்டர் ஆக 625 மணி நேரம். நெடுஞ்சாலையில் சராசரி அறுபதில் போகும் காருக்கு அதே 5,000 வெறும் 83 மணி நேரம். ஒரே ஸ்டிக்கர், ஒரே எண், இஞ்சின் உழைப்பிலோ ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த லேண்ட்ரோவர்களில் பலவற்றில் கிலோமீட்டர் மீட்டரே ஓடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேபிள் அறுந்து எத்தனையோ வருடமாயிற்று. முள் சுழியத்தில் தூங்குகிறது, எண்கள் துருப்பிடித்து நிற்கின்றன. அதிலும் போர்மேன் அந்த நின்றுபோன எண்ணைப் பார்த்து எழுதி, கீழே ஐயாயிரத்தைக் கூட்டி ஒட்டியிருப்பார். அந்த மீட்டர் அங்கே போய்ச் சேரப்போவதே இல்லை. ஆக, ஸ்டிக்கரின் சட்டப்படி அந்த வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் வரவே வராது.

டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மண்வாரி எந்திரத்துக்கும் ஆயில் கணக்கை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. மணிக்கணக்குதான், 250 மணி என்பது அந்த உலகத்தில் பழக்கமான எண். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம், நின்ற இடத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் போலீஸ் கார்களுக்கு, ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக வைக்கச் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் கடைசியிலேயே, இஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எந்தச் சூட்டில் சுற்றியது என்று எண்ணி, ஆயிலின் மிச்ச ஆயுளைச் சொல்லும் கருவியைக் காரில் வைத்தது. உலகம் மணிக்கும் சுற்றுக்கும் போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. நாம் இன்னும் ஸ்டிக்கரில் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு கசப்பான விஷயமும் உண்டு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தது. வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் செலவு. அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் தள்ளிப்போடப்படுவது ஆயில் மாற்றம். தள்ளிப்போடுபவருக்கு இந்த 5,000 நல்ல சாக்கு. “இன்னும் ஐயாயிரம் ஆகலீங்க” என்று நெஞ்சாரச் சொல்லலாம். மாற்றாமல் மேலே மேலே அரை லிட்டர் ஊற்றிக்கொண்டே போவதும் உண்டு. ஊற்றினால் அளவு சரியாகும். உள்ளே இருக்கும் கரி எங்கும் போகாது.

கரி என்றதும் இன்னொரு நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, “கறுத்துப்போச்சு பாருங்க, மாத்தணும்” என்பது. டீசல் இஞ்சினில் புது ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஓட்டினால் கறுத்துவிடும். கறுப்பது ஆயில் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கரியைப் பிடித்து, தூள்தூளாகத் தன்னுள் மிதக்க வைத்திருக்கிறது, இஞ்சினில் படியவிடவில்லை. பளபளவென்று தேன் நிறத்தில் இருக்கும் ஆயில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்து கெட்டுப்போயிருக்கவும் கூடும். நிறத்தை நம்பாதீர்கள். அதற்குப் பதில் பழைய மெக்கானிக்குகள் செய்த ஒரு சோதனையைச் செய்யலாம், காசு செலவில்லை. இஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கின் நுனியிலிருந்து ஒரு சொட்டை காபி வடிகட்டும் தாளில் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் எதிலும் படாமல் ஒரு டம்ளர் வாயில் கிடத்தி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கரி நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சீராகப் பரவி, போகப் போக வெளுத்திருந்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் கெட்டியான கறுப்பு வட்டம் கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டால், கரியைச் சுமக்கும் சக்தி தீர்ந்துவிட்டது. வெளி விளிம்பில் தெளிந்த வளையம் அகலமாகப் படர்ந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. ஓரம் பல்பல்லாகக் கிழிந்தாற்போல் இருந்தால் தண்ணீர். இது ஆய்வுக்கூட அறிக்கைக்கு ஈடாகாது. ஆனால் நின்றுபோன மீட்டரைப் பார்த்து ஒட்டிய ஸ்டிக்கரைவிடப் பல மடங்கு மேல்.

என் வாதத்தைக் கேட்டுவிட்டு, “அப்ப பத்தாயிரம் வரைக்கும் பானட்டையே தொறக்க வேணாம்” என்று கிளம்புபவர்களும் வருவார்கள். அவர்களுக்கு 5,000தான் மேல். ஓட்டம் கூடக் கூட, நடுவில் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது கட்டாயமாகிறது. வயதான இஞ்சின் ஆயில் குடிக்கும். அளவு அடிக்கோட்டுக்குக் கீழே போய் ஏற்றத்தில் ஓடினால், எவ்வளவு உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் பயனில்லை. டர்போ வைத்த புதுச் சின்ன இஞ்சின்களில் எரிபொருள் ஆயிலில் கலப்பது அதிகம். அவற்றுக்குக் கையேட்டின் எல்லையைத் தொடும் முன்பே மாற்றினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். வாரண்டி இருக்கும் காருக்குக் கையேடு சொல்வதைத் தாண்டவே கூடாது. தாண்டினால் பிற்பாடு வழக்காடி ஜெயிக்க முடியாது. அந்தக் கையேட்டிலேயே பின்பக்கத்தில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பட்டியல் இருக்கும்: குட்டிக் குட்டி ஓட்டம், நீண்ட நேர ஐட்லிங், பாரம், தூசி. பள்ளி விடுமுறையில் கீ ஃபார்ம் முதல் திரிங்காப் வரை நகராமல் நிற்கும் நெரிசலும் ஐட்லிங்தான். நம் மலையில் அந்தப் பட்டியலில் ஒன்றிலாவது மாட்டாத வண்டி குறைவு. படிப்பவர்கள் அதைவிடக் குறைவு.

ஆக, என் கணக்கு இது. வாரம் ஒருமுறையாவது ஈப்போ வரை போய் இஞ்சினை நன்றாகச் சூடேற்றி வரும் காருக்கு, கையேடு சொல்லும் தரத்தில் ஆயில் ஊற்றி, கையேடு சொல்லும் 10,000 அல்லது 6 மாதம். மலையை விட்டு இறங்காத குட்டிக் காருக்குக் கிலோமீட்டரை மறந்துவிட்டு 6 மாதம். 1,500 ஓடியிருந்தாலும் சரி. உழைக்கும் லேண்ட்ரோவருக்கு 250 மணி. மணி மீட்டர் வாங்கிப் பொருத்தலாம், வேண்டாமென்றாலும் பரவாயில்லை: நாளைக்கு நாலு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் பத்து வாரம் சொச்சத்தில் 250 வந்துவிடும். நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தால் போதும். முட்டைக்கோசு அறுவடை மும்முரத்தில் நாளைக்கு எட்டு மணி ஓடினால் ஐந்து வாரம். “இவ்வளவு சீக்கிரமா?” என்று முகம் சுளிப்பவர்கள், மேலே சொன்ன 625 மணிக் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

பட்டறைக்காரர் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். ஈப்போ காரில் குறைவது லேண்ட்ரோவரில் கூடும். பிரேக் ஆயில், கியர் ஆயில், ஏர் பில்டர் என்று செய்யாமல் கிடக்கும் வேலை மலைபோல் இருக்கிறது. நல்ல போர்மேனுக்கு இதில் நஷ்டமில்லை.

வடித்த ஆயிலைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி மலேசியாவில் அது அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, எஸ்.டபிள்யூ. 305 என்று அதற்குத் தனிக் குறியீடே உண்டு. உரிமம் பெற்றவர்கள்தான் எடுத்துப் போக வேண்டும். நடப்பது என்ன? கொட்டகைக்குப் பின்னால் வடித்து, மிச்சத்தை வேலிக் கம்பத்தில் பூசி, இன்னும் மிச்சத்தைக் களைமேல் ஊற்றி, மழை வந்தால் அதுவும் போய்விடும் என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கேலன் கழிவு ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நம் குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இங்கேயே, கோலா தெர்லாவிலேயே இருக்கிறது. அடுத்த முறை சர்வீசுக்குப் போகும்போது போர்மேனிடம், வடித்த ஆயிலை எந்த டிரம்மில் ஊற்றுகிறார், அந்த டிரம்மை யார் வந்து எடுத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பட்டறையை மாற்றுங்கள்.